பாட்டி வீட்டு ஹாலில் ஷூட் பண்ணிய பையன்... 16 வயதில் சீஃப் கீஃப் தொட்ட உயரமும் கொடுத்த விலையும்!

2012 ஜனவரி. அமெரிக்காவில் ஒரு வீடியோ பரபரன்னு ஷேர் ஆச்சு. அதில் இருந்தது ஒரு குட்டிப் பையன். "சீஃப் கீஃப் ஜெயில்ல இருந்து வெளிய வந்துட்டார்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வீடே அதிர்ற மாதிரி கத்தறான், குதிக்கிறான், சந்தோஷத்தில் ஓடறான். நம்ம ஊர்ல முதல் நாள் முதல் ஷோ டிக்கெட் கிடைச்சா எப்படி ஆடுவோமோ, அப்படி. அதைப் பார்த்த பெரியவங்க எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "யாருப்பா இந்த சீஃப் கீஃப்?"

சிகாகோவின் தெற்குப் பகுதிப் பள்ளிக்கூடப் பசங்களுக்கு மட்டும் அந்தக் கேள்வியே தேவைப்படல. அவங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அவர் அவங்க வயசுப் பையன், 16 வயசு. அவர் பாடுறதுக்குப் பேர் 'டிரில்'.

இன்னைக்கு உங்க ரீல்ஸில் நாலில் ஒண்ணு டிரில் பீட்டில்தான் ஓடுது. வில்லியனூர் பஸ்ஸில் பக்கத்து சீட் தம்பியின் இயர்போனில் இருந்து கசியறதும் அதுதான். பாகூர் பக்கம் பாரீஸில் சித்தப்பா, பெரியப்பா இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். லீவுக்கு வர்ற அந்த வீட்டுப் பிள்ளைங்க ஃபோனில் காஸோ மாதிரி பிரெஞ்சு டிரில் ராப்பர்கள் ஓடிக்கிட்டே இருப்பாங்க. சிகாகோவில் பிறந்து, லண்டனில் உருமாறி, நியூயார்க், பாரீஸ்னு சுத்தி நம்ம காதுக்கு வந்த இசை இது. அதை உலகத்துக்கு எடுத்துக்கிட்டுப் போன முதல் முகம் ஒரு டீன் ஏஜ் பையன் என்பதால், அந்தப் பையனோட முதல் ரெண்டு வருஷத்தைத் தெரிஞ்சுக்கிட்டா பாட்டோட கதையும் புரியும். ராப் பாடணும்னு நினைக்கிற 16, 17 வயசுக்காரங்க எங்கே கவனமா இருக்கணும்ங்கிறதும் புரியும்.

கேரியோக்கி மெஷினும் ஓ பிளாக்கும்

நிஜப்பெயர் கீத் கோஸார்ட். பிறந்தது 1995 ஆகஸ்ட் 15 (ஆமா, நம்ம சுதந்திர தினம்தான்). அம்மாவே அப்போ டீன் ஏஜ். வளர்த்தது பாட்டி, சட்டப்படி கார்டியனும் பாட்டிதான். இறந்துபோன மாமா கீத்தை எல்லோரும் 'பிக் கீஃப்'னு கூப்பிடுவாங்க. அந்தப் பேரைத்தான் பேரன் தன் மேடைப்பெயரில் சுமந்தார். அஞ்சு வயசில் அம்மாவோட கேரியோக்கி மெஷினில் பாடிப் பதிவு செஞ்சு விளையாட ஆரம்பிச்சவர், 15 வயசில் பள்ளிக்கூடத்தை விட்டுட்டார்.

வளர்ந்த இடம் பார்க்வே கார்டன்ஸ் குடியிருப்பு. மிஷேல் ஒபாமாவின் குடும்பம், அவர் கைக்குழந்தையா இருந்தப்ப வாழ்ந்த அதே குடியிருப்பு. 2011 ஆகஸ்டில் ஓடீ பெர்ரி என்ற 20 வயசு இளைஞர் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பேரின் முதல் எழுத்தை வெச்சுப் பசங்க அந்த இடத்தையே 'ஓ பிளாக்'னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. செத்துப்போன நண்பனோட பேர் ஒரு தெருவுக்கே பேராச்சு. டிரில் பாட்டுகளில் இது ரொம்ப முக்கியமான விஷயம். எந்தப் பாட்டிலும் செத்தவங்க பேர் வரும். தன் பக்கத்து ஆளா இருந்தா அஞ்சலி. எதிர்ப்பக்கத்து ஆளா இருந்தா கேலி.

அஞ்சலிப் பாதி நமக்குப் புதுசு இல்ல. வட சென்னையின் மரண கானாவில் இறந்தவர் பேரைச் சொல்லி, அவர் எப்படி வாழ்ந்தார், யாருக்கெல்லாம் நல்லது செஞ்சார்னு விடிய விடியப் பாடுவாங்க. மைக்கும் காசும் பெருசா இல்லாத இடங்களில் இசை முதலில் சாவு வீட்டில்தான் வேலை செய்யுதோ என்னமோ! ஆனா எதிரியோட சாவைப் பாட்டில் இழுத்துக் கேலி பண்ற அந்த இன்னொரு பாதி இருக்கே, டிரில்லுக்கு வந்த வம்பு எல்லாம் அங்கிருந்துதான்.

'டிரில்' என்ற சொல்லே சிகாகோ தெரு வழக்கில் பழிக்குப் பழி துப்பாக்கியைத் தூக்கறதைக் குறிக்கும். 2010 வாக்கில் பேக்மேன் என்ற உள்ளூர் ராப்பர்தான் அதைப் பாட்டுக்குள்ள கொண்டுவந்தவர்னு சொல்றாங்க. அந்த வருஷமே அவரும் கொல்லப்பட்டார்.

ஒரே வருஷம்... ஜனவரி டு டிசம்பர்

2011 டிசம்பரில் துப்பாக்கி தொடர்பான வழக்கில் கீஃப் கைதானார். சிறார் என்பதால் பாட்டி வீட்டில் வீட்டுக்காவல். வெளியே போக முடியாது, ஷோ பண்ண முடியாது. வேற யாரா இருந்தாலும் கரியர் அங்கேயே நின்னிருக்கும். கீஃப் என்ன பண்ணினார்? நண்பர்களை வீட்டுக்கு வரவழைச்சார். டிகெய்ன்ஸ் என்ற உள்ளூர் இளைஞர் கேமராவோட வந்தார். செட் கிடையாது, லைட்டிங் கிடையாது, டான்ஸர்ஸ் கிடையாது. ஒரு ரூமில் சட்டை இல்லாத பத்துப் பதினைந்து பசங்க, தோளை ஆட்டி ஆட்டிக் குதிக்கிறாங்க. அவ்ளோதான் வீடியோ.

2012 மார்ச்சில் வந்த 'ஐ டோன்ட் லைக்' அந்த வகைதான். பீட் போட்டது யங் சாப், அவருக்கும் அப்போ 18 வயசு. ஸ்டூடியோ வாடகை, கம்பெனி, மார்க்கெட்டிங் டீம்னு எதுவுமே இல்லாம பாட்டு காட்டுத்தீ மாதிரி பரவியது. மே மாசம், அதே சிகாகோவைச் சேர்ந்த கான்யே வெஸ்ட் புஷா டி, ஜேடகிஸ், பிக் ஷான் எல்லாரையும் சேர்த்து ரீமிக்ஸ் வெளியிட்டார். ஜூனில் இன்டர்ஸ்கோப் என்ற பெரிய நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. மூணு ஆல்பத்துக்கு 60 லட்சம் டாலர் என்று செய்தி வந்தது. டிசம்பர் 18-ம் தேதி முதல் ஆல்பம் 'ஃபைனலி ரிச்' ரிலீஸ். அப்போ கீஃபுக்கு வயசு 17.

ஜனவரியில் 'யாருப்பா இது?', டிசம்பரில் உலக ரிலீஸ். கேக்கறதுக்கே மாஸா இருக்குல்ல? இந்த இடத்தில் பாஸ் பண்ணிட்டு அந்த ஒப்பந்தத்தில் இருந்த ஒரு வரியைப் பார்க்கலாம். 2013 டிசம்பருக்குள் முதல் ஆல்பம் இரண்டரை லட்சம் காப்பி விற்கலைன்னா, நிறுவனம் கழண்டுக்கலாம். முதல் வாரம் விற்றது சுமார் 50,000. 2014 அக்டோபரில் இன்டர்ஸ்கோப் அவரை விடுவிச்சது. அப்போ கீஃபுக்கு 19 வயசு. '60 லட்சம்' என்ற தலைப்புச் செய்தியைப் படிச்ச எல்லாரும் அந்த வரியைப் படிச்சிருப்பாங்களா என்ன?

அப்படி என்னதான் இருக்கு அந்த பீட்டில்?

கொஞ்சம் காதைத் தீட்டிக்கோங்க. சிகாகோ டிரில் அடிப்படையில் தெற்கத்திய 'ட்ராப்' இசையோட தம்பி. மெதுவான, கனமான நடை. பின்னாடி கோயில் மணி மாதிரி இருண்ட மணியோசை. மெஷின்கன் மாதிரி உருளும் ஸ்னேர். அதுக்கு மேல கீஃப் வரிகளை அடுக்க மாட்டார். ஒரே சொல்லை ஒவ்வொரு வரி முடிவிலும் திரும்பத் திரும்ப ஆணி மாதிரி அடிப்பார். 'இதெல்லாம் ஒரு ராப்பா, அர்த்தமே இல்லையே'ன்னு பழைய ஹிப்ஹாப் ரசிகர்கள் திட்டினாங்க. ஆனா கூட்டத்தோட சேர்ந்து கத்தறதுக்குன்னே செஞ்ச பாட்டு அது. திருவிழாவில் மேளக்காரர் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்கும்போது கால் தானா ஆடுதே, அதில் 'அர்த்தம்' எங்க இருக்குன்னு யாரும் கேக்கறதில்லையே!

நீங்க இப்போ ரீல்ஸில் கேக்கறது பெரும்பாலும் இதோட லண்டன் வடிவம். பிரிக்ஸ்டன் பக்கத்துப் பசங்க 2012-க்கு அப்புறம் சிகாகோ பாட்டைக் கேட்டு, அதைத் தங்க ஊர் 'கிரைம்' இசையோட வேகத்துக்கு, நிமிஷத்துக்கு 140 அடி அளவுக்கு, ஏத்தினாங்க. அதில் ஹை-ஹேட் சிம்பல் ஓடற கணக்கு 3+3+2. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க: 'தகிட தகிட தக'. எட்டு அட்சரம். இதே கணக்கு நம்ம மிருதங்கக்காரருக்கும் தெரியும், தவில்காரருக்கும் தெரியும். அதனாலதான் டிரில் பீட்டுக்கு மேல தமிழ் சொற்கள் இவ்வளவு ஈஸியா உட்காருதுன்னு எனக்குத் தோணும்.

இன்னொரு விஷயம் பேஸ். '808' என்பது 1980-ல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் விட்ட டிரம் மெஷின். அப்போ விக்கவே இல்ல, சில வருஷத்திலேயே தயாரிப்பை நிறுத்திட்டாங்க. செகண்ட் ஹேண்டில் மலிவாக் கிடைச்சதால் காசில்லாத இசைக்காரங்க கையில் சிக்கி, ஹிப்ஹாப்போட இதயத் துடிப்பாவே ஆயிடுச்சு. லண்டன் டிரில்லில் அந்த பேஸ் ஒரு சுரத்தில் இருந்து இன்னொரு சுரத்துக்குக் குதிக்காம வழுக்கிக்கிட்டுப் போகும். நாகஸ்வரத்தில் இழைச்சு வாசிப்பாங்களே, கிட்டத்தட்ட அந்த வேலையை வயித்துக்குள்ள அதிர்ற ஒரு சத்தம் செஞ்சா எப்படி இருக்கும், அதுதான்.

லைக்ஸ் வாங்கித் தந்த 'கெத்து' என்ன கேட்டது?

சிகாகோவில் 2012-ல் நடந்த கொலைகள் 500-ஐத் தாண்டின. அந்த வருஷம் செப்டம்பர் 4-ம் தேதி, கீஃபோட கூட்டத்தைக் கேலி செஞ்சு பாடிவந்த லில் ஜோஜோ என்ற 18 வயசு ராப்பர் சைக்கிளில் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அன்னைக்கு கீஃபோட ட்விட்டர் கணக்கில் இருந்து கேலியா ஒரு பதிவு வந்தது. கணக்கை யாரோ ஹேக் பண்ணிட்டாங்கன்னு கீஃப் சொன்னார். அந்தக் கொலைக்காக அவர் மேல வழக்கு எதுவும் பதிவாகல. ஆனா அந்த ஒரு பதிவு அவர் பேரோட ஒட்டிக்கிட்டது, இன்னைக்கு வரைக்கும் போகல. இறந்துபோனவருக்கும் வயசு 18-தான்.

அடுத்தது இதைவிட விசித்திரம். 2012-ல் பிட்ச்ஃபோர்க் என்ற இசை இதழ் கீஃபை நியூயார்க்கில் ஒரு துப்பாக்கிப் பயிற்சி மையத்துக்குக் கூட்டிப்போய், கையில் துப்பாக்கியோட வீடியோ பேட்டி எடுத்தது. ஐடியா யாருடையதா இருந்தாலும் மாட்டினது பையன்தான். அவர் அப்போ நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்ததால், அந்த வீடியோவே விதிமீறலுக்குச் சாட்சி ஆச்சு. 2013 ஜனவரியில் நீதிபதி 60 நாள் சிறார் காவலுக்கு அனுப்பினார். முதல் ஆல்பம் ரிலீஸ் ஆகி ஒரு மாசம்கூட முழுசா ஆகல! இதழ் வீடியோவைத் தளத்தில் இருந்து நீக்கிட்டு அடுத்த வேலையைப் பார்த்தது.

இங்கே ஒரு கேள்வி வரும். இந்தப் பசங்க பாடுறதெல்லாம் உண்மையா? ஃபாரஸ்ட் ஸ்டூவர்ட் என்ற சமூகவியலாளர் சிகாகோவில் டிரில் பாடுற இளைஞர்களோட ரொம்ப நாள் பழகி, 2020-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர் காட்டறது, பெரும்பாலும் மிகைப்படுத்தல். வீடியோவில் ஆட்டுற துப்பாக்கி பல நேரம் இரவல். பணக்கட்டும் அப்படித்தான். வேற வேலை, வேற வழி இல்லாத இடத்தில், 'நான்தான் பயங்கரமானவன்'னு காட்டினா வியூஸ் வரும் என்பதால் போடுற வேஷம். சிக்கல் என்னன்னா, பார்க்கிற எதிரிக்கும் போலீஸுக்கும் அது வேஷம்னு தெரியாது. நடிச்சவங்க நிஜ ஆபத்தில் மாட்டிக்கிட்டாங்க.

லண்டனில் கதை வேற மாதிரி போச்சு. அங்கே போலீஸ் நேரடியா பாட்டு மேலேயே கை வெச்சது. 2018-ல் போலீஸ் கேட்டுக்கிட்டதால் யூடியூப் 30-க்கும் மேற்பட்ட டிரில் வீடியோக்களை நீக்கியது. அதே வருஷம், 18 வயசு ஆகவிருந்த டிகா டி என்ற ராப்பருக்கு வன்முறைக்குத் திட்டமிட்ட வழக்கில் தண்டனை கிடைச்சது. கூடவே அவர் எதைப் பாடலாம், எதைப் பாடக் கூடாதுங்கிறதையே கட்டுப்படுத்தும் நீதிமன்ற உத்தரவும் வந்தது. 2019 ஜனவரியில் ஸ்கெங்டோ, ஏஎம் என்ற இருவருக்கு, தடையை மீறி ஒரு பாட்டை மேடையில் பாடியதுக்காக 9 மாச சிறைத் தண்டனை, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையா, விதிக்கப்பட்டது. ஒரு பாட்டைப் பாடினதுக்கு! பாட்டு வரிகளைக் குற்றத்துக்குச் சாட்சியா எடுக்கலாமா என்ற சண்டை இன்னும் ஓயல. கலிபோர்னியாவில் 2022-ல் அதைக் கட்டுப்படுத்தவே தனிச் சட்டம் போட்டாங்க. என் கருத்தைக் கேட்டா, தெருவில் வேலையும் விளையாட்டுத் திடலும் இல்லாத குறையைப் பாட்டை நிறுத்திச் சரிசெய்யப் பார்க்கிறது, ஜுரம் வந்தா தெர்மாமீட்டரை உடைக்கிற கதைதான். அதுக்காக, செத்தவங்க வீட்டு வாசலில் நின்னு சிரிக்கிற பாட்டை 'கலை'னு தட்டிக்கொடுக்கவும் மனசு வரல.

நியூயார்க்கில் டிரில்லைக் கொண்டாட வெச்ச பாப் ஸ்மோக் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 2019-ல் லண்டன் பக்கத்து 808 மெலோவின் பீட்டில் 'வெல்கம் டு தி பார்ட்டி' மூலமா வந்தார். 2020 பிப்ரவரி 19-ல் லாஸ் ஏஞ்சலஸில் வாடகை வீட்டில் கொல்லப்பட்டார். வயசு 20. அவர் தங்கியிருந்த வீட்டு முகவரி, சமூக வலைதளத்தில் போட்ட பரிசுப் பை போட்டோவின் லேபிளில் தெளிவாத் தெரிஞ்சது. லொக்கேஷன் டேக்கோட ஸ்டோரி போடறதுக்கு முன்னாடி இதை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க.

நம்ம பக்கம் வருவோம்

கையில் ஃபோன், ஒரு மைக், ஃப்ரீ பீட். இது போதும், பாட்டு ரெடி. வருஷா வருஷம் ஜூன் 21-ல் புதுச்சேரித் தெருக்களில் நடக்கிற இசைத் திருவிழா மாதிரி மேடைகளும் இருக்கு. ஆனா 18 வயசு ஆகலைன்னா சில விஷயங்களை யாராவது உங்ககிட்டச் சொல்லியே ஆகணும்.

முதல்ல ஒப்பந்தம். இந்தியாவில் 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி, 18 வயசு ஆகாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. 1903-ல் மோஹரி பீபி வழக்கில் அன்றைய உச்ச அமைப்பான பிரிவி கவுன்சில் இதை உறுதியா சொல்லிடுச்சு. 'அப்போ சூப்பர், எதில் கையெழுத்துப் போட்டாலும் கட்டாது'ன்னு சந்தோஷப்படாதீங்க. கத்தி ரெண்டு பக்கமும் வெட்டும். 1940-களில் ராஜ் ராணி என்ற சிறுமிக்காக அவரோட அப்பா, பிரேம் அதீப் என்ற தயாரிப்பாளரோட நடிப்புக்கு ஒப்பந்தம் போட்டார். பாதியில் வெளியே அனுப்பிட்டாங்க, பேசின சம்பளம் முழுசா வரல. கோர்ட்டுக்குப் போனாங்க. பம்பாய் உயர்நீதிமன்றம் 1949-ல் சொன்ன தீர்ப்பு: சிறாருக்காகப் போட்ட அந்த ஒப்பந்தமே செல்லாது, அதை வெச்சுப் பணமும் கேக்க முடியாது! அதனால 17 வயசில் 'தம்பி, உன் பாட்டை நாங்க ரிலீஸ் பண்றோம், சைன் பண்ணு'ன்னு யாராவது பேப்பரை நீட்டினா, அப்பா அம்மா கையெழுத்துப் போட்டாக்கூட உங்க சம்பளத்துக்கு அது கேரன்டி இல்ல. ஒரு வக்கீல் கண்ணில் காட்டாம பேனாவை எடுக்காதீங்க. முடிஞ்சா பணத்தை முன்கூட்டியே கேளுங்க.

ரெண்டாவது ராயல்டி. இது நல்ல செய்தி. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தின பிறகு, பாட்டு எழுதினவருக்கும் இசையமைச்சவருக்கும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமை இருக்கு; 'எல்லா உரிமையையும் எழுதிக் கொடுத்துட்டேன்'னு கையெழுத்துப் போட்டாலும் அந்தப் பங்கு போகாது. சட்டம் இப்படி இருந்தும், கையில் வர்றது வேற கதை. 2021-ல் உலகமே ஆடின 'என்ஜாய் எஞ்சாமி' மூலமா தனக்கோ, தீக்கோ, அறிவுக்கோ ஒரு பைசாகூட வரலைன்னு இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் வீடியோ போட்டார். வெளியிட்ட மாஜா நிறுவனம் தன் தரப்பு விளக்கத்தைச் சொன்னது. அவ்வளவு பெரிய ஆளுங்களுக்கே இப்படின்னா, முதல் பாட்டுப் போடுற உங்களுக்கு எழுத்துபூர்வ ஆதாரம் எவ்வளவு முக்கியம்னு பாருங்க. வரிகளை எழுதின தேதியோட மெயில் போட்டு வெச்சுக்கிறதுகூட பின்னாடி கைகொடுக்கும்.

யூடியூப் காசு? விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபர், ஒரு வருஷத்தில் 4,000 மணி நேரப் பார்வை வேணும். 18 ஆகலைன்னா பணம் வர்ற ஆட்சென்ஸ் கணக்கு, பெற்றோர் அல்லது கார்டியன் பேரில்தான் இருக்கணும். அப்புறம், யூடியூபில் 'ஃப்ரீ டைப் பீட்'னு இருக்கிறதில் பெரும்பாலானவை காசு சம்பாதிக்காத வரைக்கும்தான் ஃப்ரீ. டிஸ்கிரிப்ஷனைப் படிக்காம பாட்டு போட்டு, அது ஹிட்டும் ஆகிட்டா, வருமானம் மொத்தம் பீட் போட்டவர் பக்கம் திரும்பிடும்.

அப்புறம் அந்த அருவா மேட்டர். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் அருவா, கத்தியோட ரீல்ஸ் போட்டு இளைஞர்கள் கைதாகிற செய்தி மாசத்துக்கு ஒண்ணாவது கண்ணில் படுது. வீடியோ 'பாட்டுக்காக எடுத்தது'ன்னு ஸ்டேஷனில் சொன்னா, கீஃப் கதைதான். பேர் சொல்லி மிரட்டினா அது பாட்டா இருந்தாலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-வது பிரிவில், குற்றமுறு மிரட்டலா பார்க்க வாய்ப்பிருக்கு. அதுக்குமேல பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன் வரும்போது பழைய வழக்கு எல்லாம் எட்டிப்பார்க்கும். பிரான்ஸுக்குப் போகணும்னு கனவு காண்ற நம்ம பக்கத்துப் பசங்களுக்கு இது சின்ன விஷயமா?

கீஃப் இப்போ?

இன்டர்ஸ்கோப் போன பிறகும் அவர் நிறுத்தல. சொந்தமா நூத்துக்கணக்கில் பாட்டு வெளியிட்டார், பீட் போடவும் கத்துக்கிட்டார். கலிபோர்னியாவுக்கு இடம் மாறினார். சிகாகோ மட்டும் கதவைத் திறக்கல. 2015 ஜூலையில், பக்கத்து மாநிலமான இண்டியானாவின் ஹேமண்ட் ஊரில் நடந்த இசை நிகழ்ச்சியில், நேரில் வராம ஹோலோகிராமாத் தோன்றினார். கொல்லப்பட்ட நண்பருக்கும் ஒரு குழந்தைக்கும் அஞ்சலியா நடந்த அந்த நிகழ்ச்சியை, முதல் பாட்டு முடிஞ்சதுமே போலீஸ் நிறுத்திட்டாங்க. ஆள் அங்கே இல்ல, வெறும் வெளிச்சம்தான். அதையும் அணைச்சுட்டாங்க.

2024 ஜூன். சிகாகோவை ஒட்டின பிரிட்ஜ்வியூவில் 'சம்மர் ஸ்மாஷ்' இசை விழா. 12 வருஷத்துக்குப் பிறகு கீஃப் தன் ஊர் ரசிகர்கள் முன்னாடி நிஜமா ஏறினார். அப்போ வயசு 28. மேடை இருந்த இடம், நகர எல்லைக்குக் கொஞ்சம் வெளியே.